கடலில்லாத ஊரில் ஆறு பலகைகள்

விவேக் நகரில் நாங்கள் குடியிருந்த வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை. அந்த வீட்டுக்குள் ஒரு காலத்தில் ஆறு அலைச்சறுக்குப் பலகைகள் இருந்தன. நாங்கள் போய்வந்த கடற்கரைக்கு பெங்களூரிலிருந்து காரில் ஏழு மணி நேரம் ஆகும். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வரும் உறவினர்கள், கூடத்துச் சுவரில் சாய்ந்து நிற்கும் அவற்றைப் பார்த்து என்ன கேட்பதென்று தெரியாமல் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். என் மனைவியின் பெரியம்மா மட்டும் ஒருமுறை கேட்டார்: "இதையெல்லாம் எப்ப விக்கப் போறீங்க?" நான் கடை வைக்கப் போகிறேன் என்று அவர் நினைத்திருந்தார்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார். எங்கள் லைன் வீடுகளில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு செய்தி. நீச்சல் தெரிந்தவர் என்று எங்கள் வரிசையில் ஒருவரையும் எனக்கு நினைவில்லை. பொறியியல் படித்து, பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன சமயத்தில் அலுவலகம் என்னை ஏழு மாத வேலைக்காக அமெரிக்காவில் ஒரு கடற்கரை ஊருக்கு அனுப்பியது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. எனக்கு வயது முப்பத்தொன்று. அங்கே முதலில் ஒரு குளத்தில் நீச்சல் கற்றேன், குழந்தைகளோடு. பிறகு கூட வேலை பார்த்தவர்கள் கடலுக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் தந்தது ஒன்பது அடி நீளமுள்ள ஒரு பழைய நீலப் பலகை. வட்ட மூக்கு, அகலமான உடம்பு. அதன்மேல் குப்புறப் படுத்தால் கட்டிலில் படுத்தது போலிருக்கும்.

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் அதன்மேல் நின்றேன். அலை என் முழங்கால் உயரம்கூட இல்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. கரை என்னை நோக்கி வந்தது. மணலில் போய் முட்டி விழுந்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை மனைவிக்குத் தொலைபேசியில் இதைச் சொல்ல முயன்றேன். "கீழ விழுந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது அந்தப் பலகையை வாங்கிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதன் உறையைத் தட்டிப் பார்த்தார். "ஏன்ரீ இது, விமானத ரெக்கெ கித்கொண்ட் பந்தித்தீரா?" விமானத்தின் இறக்கையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேனா என்று அவர் கேட்டதும் பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பலகையைப் பற்றி யார் சிரித்தாலும் அப்போது எனக்கு வலிக்கவில்லை.

வலித்தது, அலைச்சறுக்குத் தெரிந்தவர்கள் சிரித்தபோதுதான்.

பெங்களூரில் அப்படி நான்கு பேர் இருந்தார்கள். இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாரும் என்னைப் போல அலுவலகக்காரர்கள். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை விடியுமுன் கிளம்பி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போவார்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடம் இருந்து திரும்பியவர். எங்களுக்குள் அவர் பெயர் ஆஸ்திரேலியாக்காரர். எங்களில் மிக நன்றாக அலை ஏறத் தெரிந்தவர் அவர்தான். அதனால் அவர் சொல்வதுதான் பேச்சு. நான் முதல்முறை காரின் கூரையிலிருந்து நீலப் பலகையை இறக்கியபோது அவர் தூரத்திலிருந்தே, "யாருப்பா அது, வீட்டுக் கதவைக் கழட்டி எடுத்துட்டு வந்தது?" என்றார்.

அவரிடம் பலகைகளுக்கு ஒரு சாதிப் பட்டியலே இருந்தது. நீளப் பலகை தொப்பை விழுந்தவர்களுக்கு. மேல் பாகம் ஸ்பாஞ்சு போல மெத்தென்றிருக்கும் ஃபோம் பலகை சுற்றுலா வந்தவர்களுக்கு. ஆறடிக்குச் சற்று மேலே, மெல்லிசாக, கூரான மூக்கோடு இருக்கும் குட்டைப் பலகைதான் பலகை. "ஃபோம்ல கத்துக்கிட்டா கெட்ட பழக்கம் ஒட்டிக்கும், அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது" என்பார். மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன்.

நாங்கள் தங்கும் சனிக்கிழமை இரவுகளில் பலகைகளைத் தன் வலைக் கொட்டகையில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தவர் நாற்பது வயது மீனவர். சிறு வயதிலிருந்து கட்டுமரத்தில் நின்றுகொண்டே அலை தாண்டிப் போய்வந்தவர். ஒரு நாள் என் நீலப் பலகையைக் கேட்டு வாங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், வந்த முதல் அலையிலேயே எழுந்து நின்று கரைவரை வந்து இறங்கினார். ஆஸ்திரேலியாக்காரர், "அந்த மாதிரி போர்டுல நிக்கிறது கணக்கில்ல" என்றார். மீனவருக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, பலகையை என்னிடம் கொடுக்கும்போது, "இது நல்ல மரம் சார். சொன்ன பேச்சு கேக்குது. அந்தக் குட்டைங்கதான் மூஞ்சியே சரியில்ல" என்றார்.

நான் மீனவரின் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு குட்டைப் பலகை வாங்கினேன். வெள்ளை நிறம், ஊசி போன்ற மூக்கு. அதன்மேல் படுத்தாலே என் எடைக்கு நீருக்குள் அமிழும். மூன்று பயணங்களில் ஒரு அலையில்கூட நிற்க முடியவில்லை. தோள்பட்டை கழன்று போகிற அளவுக்குக் கைகளால் தண்ணீரைத் துழாவினேன். ஆனாலும் அதைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு மணலில் நடக்கும்போது ஆஸ்திரேலியாக்காரர், "இப்பத்தான் ஆள் மாதிரி இருக்கீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் நீலப் பலகையை வீட்டில் போட்டுவிட்டு வர ஆரம்பித்தேன்.

நிற்க முடியாததற்குப் பலகையின் வடிவம்தான் காரணம் என்று தோன்றியது. மீன் வாலைப் போலப் பின்பக்கம் பிளந்த ஒன்றை வாங்கினேன். ஆஸ்திரேலியாக்காரர் பயன்படுத்திக் கழித்த இன்னொரு கூர்மூக்குப் பலகையை வாங்கினேன். பனை உயர அலைகளுக்கென்று செய்யப்படும் நீண்ட, ஒடுக்கமான ஒன்றையும் வாங்கினேன். அப்படிப்பட்ட அலை எங்கள் கரைக்கு வந்ததே இல்லை. ஒருவரிடம் இருக்கும் பலகைகளின் தொகுதிக்கு அவர்கள் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்கு அம்பறாத்தூணி என்று பொருள். அம்புகளைப் போட்டு முதுகில் கட்டிக்கொள்ளும் கூடு; பள்ளிக்கூடத்தில் கம்பராமாயணப் பாடத்தில் படித்த சொல். "உங்க தூணியில இப்ப எத்தனை?" என்று யாராவது கேட்டால் எண்ணிக்கையைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. அலையில் நின்ற விநாடிகளை யாரும் கேட்கவில்லை.

ஆறாவது ஃபோம் பலகை. அதை வாங்கியது மனைவிக்காக. அவள் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியை. "எனக்கும் ஒரு தடவை ஏறிப் பாக்கணும்" என்று சும்மா ஒரு நாள் சொல்லியிருந்தாள். வாங்கிக் கொடுத்தபோது மிகவும் சந்தோஷப்பட்டாள். ஆனால் அதை ஒருமுறைகூட நான் கடற்கரைக்குக் கொண்டுபோகவில்லை. பள்ளிப் பரீட்சை, மழை, கூட்டம் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொன்னேன். மஞ்சள் நிறத்தில் எட்டடி நீளத்துக்கு அது என் காரின் கூரையில் இருப்பதை அந்த நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் காரணம். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பழைய போர்வை சுற்றி அது நின்றது.

இரண்டாயிரத்து ஐந்தில் என் மைத்துனன் எங்களோடு வந்து தங்கினான். மனைவியின் ஒரே தம்பி. இருபத்து நான்கு வயது. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் பையன்களில் பாதிப்பேர் செய்ததைப் போல அவனும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, ஒரு கிடங்கில் வேலை பார்த்து, இருட்டிய பிறகு வீடு திரும்பிக்கொண்டிருந்தான். அந்த ரயில் பயணத்திலேயே படித்து, உதவி ரயில் ஓட்டுநர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மருத்துவப் பரிசோதனைக்கு ஐந்து வாரம் இருந்தது. ரயில் ஓட்டுகிற வேலைக்குக் கண் பார்வை குறையே இல்லாமல் இருக்க வேண்டும். அவனுக்கு அப்படித்தான் இருந்தது. எங்கள் மாடியிலிருந்து பார்த்து, தெருமுனையில் போகிற பேருந்தின் பலகையில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துக் காட்டுவான். என் மாமனார் அந்த வேலையைப் பற்றி ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் காரில் பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் படியிறங்கி வந்தான்.

"மாமா, என்னையும் இட்டுனு போங்க. வேலையில சேந்துட்டா அப்பால லீவே கிடைக்காதாமே."

"வா மச்சான், அதுக்கென்ன."

மனைவி மேலே பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவனுக்கு அந்த ஸ்பாஞ்சு போர்டை எடுத்துட்டுப் போங்க. என்னோடத."

"கூரையில ரெண்டுக்கு மேல கட்ட முடியாது" என்றேன்.

"அப்ப உங்களோடத ஒண்ணு எடுத்துட்டு அதைக் கட்டுங்க."

"அதுல கத்துக்கிட்டா கெட்ட பழக்கம் வந்துடும். உனக்குத் தெரியாது."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கூரையில் இருந்தவை இரண்டும் கூர்மூக்குப் பலகைகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகை வாங்கியபோது அதோடு மூக்கில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்ன ரப்பர் மூடி வந்தது. கூர்முனை யாரையும் குத்தாமலிருக்க. ஒட்டித்தான் இருந்தேன். ஆஸ்திரேலியாக்காரர் அதைப் பார்த்து, "குழந்தை வாயில ரப்பர் வச்ச மாதிரி இருக்கே" என்று சொன்ன அன்றே, மீனவரின் கொட்டகையில் கத்தி வாங்கி அதைப் பெயர்த்து எறிந்துவிட்டேன். பசையின் தழும்பு மட்டும் மூக்கில் இருந்தது.

சனிக்கிழமை அலை இல்லை. மைத்துனனுக்கு அது கவலையாகவே இல்லை. கடலில் கழுத்துவரை நின்று கத்திக்கொண்டிருந்தான். மீனவர் வீட்டில் அவருடைய மனைவி பொரித்துத் தந்த வஞ்சிரத்தை நாலு பேர் சாப்பாட்டுக்குச் சாப்பிட்டான். நண்பர்கள் எல்லாருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. ஆஸ்திரேலியாக்காரர், "ட்ரெயின் டிரைவர் சார், பிளாட்பாரம் இந்தப் பக்கம்" என்று கிண்டல் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இடுப்பளவு அலை வந்தது. மீனவர் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர், மைத்துனன் கையில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், புதுசா ஏர்றவருக்கு உங்க நீலப் பலகை எங்க?"

"வீட்ல இருக்கு."

"கொண்டாந்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அவரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பலகையையும் காலையும் இணைக்கும் கயிற்றை மைத்துனனின் கணுக்காலில் நானே கட்டினேன். அது ரப்பரைப் போல இழுபடும் கயிறு. விழுந்து எழும்போது பலகை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தலையை வெளியே நீட்டக் கூடாது, கையால் முகத்தை மூடிக்கொண்டுதான் வர வேண்டும். இதுதான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். அமெரிக்காவில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அவனுக்குச் சொன்னேனா என்று பல வருடம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொன்னதாக நினைவில்லை. துழாவுவது எப்படி, எழுவது எப்படி என்று சொன்னது நினைவிருக்கிறது.

மூன்று முறை விழுந்தான். ஒவ்வொரு முறையும் சிரித்தான். நான்காவது அலையில் பலகையைத் தள்ளிவிட்டேன். அவன் முழங்காலில் எழுந்து, ஒரு பாதத்தை ஊன்றி, சட்டென்று பின்பக்கமாகச் சரிந்தான். பலகை முன்னால் பாய்ந்து போனது. கயிறு முழுக்க இழுபட்டது. அவன் தலை தண்ணீருக்கு மேலே வந்த அதே சமயம் பலகை திரும்பி வந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். நான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினேன்.

"மணல் பூந்துடுச்சு போல மாமா" என்றான்.

அவன் விரலிடுக்கில் ரத்தம் வந்தது. கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. நான் என் துண்டை எடுத்து அழுத்தப் போனேன். கரையிலிருந்து ஓடி வந்த மீனவர் என் கையைத் தட்டிவிட்டார். "அழுத்தாதீங்க! கண்ணை அழுத்தவே கூடாது!" அவரே ஒரு தகர டம்ளரைக் கழுவி, கண்ணில் படாமல் எலும்பின்மேல் கவிழ்த்து, துணியால் தலையோடு கட்டினார். முன்பு ஒருமுறை தூண்டில் முள் பட்ட ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்ததைப் பார்த்தாராம். பிறகு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, சென்னைவரைக்கும் அவன் தலையைத் தன் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஓட்டினேன். வழியெல்லாம் மைத்துனன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான்: "அஞ்சு வாரத்துல ஆறிடுமா மாமா?"

கருவிழி கிழிந்திருந்தது. உள்ளே லென்ஸ் சிதைந்திருந்தது. அன்றைக்கு ஒரு அறுவை சிகிச்சை, பத்து நாள் கழித்து இன்னொன்று. கண்ணையே எடுத்துவிடாமல் காப்பாற்றியதே பெரிது என்று மருத்துவர் சொன்னார். பார்வையைப் பற்றிக் கேட்டபோது, "கை அசைவது தெரியலாம்" என்றார்.

மனைவி அன்று மாலையே சென்னைக்கு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் என் முன்னால் நின்று, "எந்த போர்டு?" என்று கேட்டாள்.

"வெள்ளை."

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் அவள் என்னிடம் மருந்து, சாப்பாடு, டிக்கெட் இவற்றைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

மாமனாரும் மாமியாரும் என்னைத் தேற்றினார்கள். "உன்மேல இன்னாப்பா தப்பு? வெளையாட்டுல அடிபடறது சகஜம்தான்" என்றார் மாமனார். ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மைத்துனனும் சொன்னான். "நீங்க வேணும்னேவா பண்ணீங்க மாமா?" என்று என் கையைப் பிடித்துச் சொன்னான். ஆஸ்திரேலியாக்காரர் ஒருநாள் பழக்கூடையோடு வந்தார். விழும்போது கையை முகத்துக்குக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பலகையில் ஏதாவது விரிசல் விழுந்திருக்கிறதா என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் எதையும் என் கையில் திணிக்கவில்லை. அவர் சிரித்தார், நான் பயந்தேன், அவ்வளவே.

மருத்துவப் பரிசோதனை நாளில் மைத்துனன் போனான். வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் காரில் ஏறாமல் பஸ்ஸில் போனான். மதியத்துக்குள் திரும்பிவிட்டான். "வலது கண்ல கடைசி வரி வரைக்கும் படிச்சேன்" என்று அக்காவிடம் சொன்னான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் வரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அடுத்த நாள் தங்கவயலுக்குப் போய்விட்டான்.

அவன் கிளம்பிப் போன அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி கேட்டாள்: "நான் அந்த போர்டை எடுத்துட்டுப் போகச் சொன்னேன். ஏன் எடுத்துட்டுப் போகல?"

"இடமில்லைன்னு சொன்னேனே."

"அது காரணம் இல்ல."

"அதுல கத்துக்கிட்டா..."

"அதுவும் இல்ல. எனக்கு உண்மையச் சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்."

சொன்னேன். அந்த நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்ததைச் சொன்னேன். ரப்பர் மூடியைப் பெயர்த்ததையும் சொன்னேன். அவளை ஒருமுறைகூட ஏன் கூட்டிப்போகவில்லை என்பதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து, "இதை அவன்கிட்டயும் நீங்களே சொல்லணும்" என்றாள். "அவன் உங்கள நல்லவர்னு நினைச்சு ஆறுதல் சொல்லிக்கிட்டிருக்கான். எனக்கு அதைப் பாக்க முடியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கவயலுக்குப் போனேன். மாமனார் வீட்டுக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய சாம்பல் நிற மண்மேடுகள் தெரியும் இடத்தில், மைத்துனன் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினான்.

"வீட்ல மெத்து போர்டு இருந்துச்சு."

"ஆமா."

"அக்கா எடுத்துனு போகச் சொல்லுச்சு."

"ஆமா."

"நீங்க அதை எடுத்தாரல, உங்க ஃபிரெண்ட்ஸுங்க சிரிப்பாங்கன்னு."

"ஆமா மச்சான்."

"நான் அந்த மஞ்சள் போர்டோட நின்னா உங்களுக்கு வெட்கமா இருந்திருக்கும்." அவன் குரல் உயரவில்லை. "எனக்கு இன்னா தெரியும் மாமா? நீங்க வாழை மட்டைய குடுத்திருந்தாலும் அதுல ஏறி இருப்பேன். எனக்கு எந்த போர்டா இருந்தா இன்னா?"



"எழுந்து போங்க" என்றான். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய் மாமியாரிடம் சொல்லிக்கொள்ளாமலே ரயிலடிக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்காவை அவள் பள்ளிக்கூட வாசலில் பார்த்துவிட்டுப் போவான்.

பலகைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. நண்பர்கள் மூன்றை எடுத்துக்கொண்டார்கள். நீலத்தையும் மஞ்சளையும் காரில் கட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை அந்தக் குப்பத்துக்குப் போனேன். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு இவற்றைக் கொடுங்கள் என்று மீனவரிடம் சொன்னேன். வாங்கிக்கொண்டார். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். "வெள்ளையையும் கொண்டாந்திருக்கேன், வேணுமா?" என்றதற்கு, "அது வேணாம் சார், நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். அவரிடம் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது.

வெள்ளைப் பலகையை விற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு விடுமுறை நாளில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். மேலோடு கண்ணாடியிழை. அதை அறுப்பது சுலபமாக இல்லை. உள்ளே தெர்மகோல் போன்ற வெள்ளைச் சரக்கு. அறுக்க அறுக்கத் தூள் பறந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் கொடியில் போட்டிருந்த துணியெல்லாம் மாவு தெளித்தது போல ஆயிற்று. வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார். "ஏன் சார், ஹுச்சு பிடிச்சிடுச்சா உங்களுக்கு? விக்க வேண்டியதுதானே?" என்று கத்தினார். பைத்தியமா என்று கேட்டது நியாயம்தான். கைகளில் கண்ணாடியிழை ஏறி ஒரு வாரம் அரித்தது. துண்டுகளைக் குப்பை வண்டிக்காரர் எடுக்க மறுத்தார். மூட்டை கட்டி மாடிப்படியின் கீழே வைத்திருந்தோம். வீடு மாறும்போதுதான் அது எங்களை விட்டுப் போனது.

மனைவி என்னை விட்டுப் போகவில்லை. மன்னித்தாள் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் பேச்சுவாக்கில், "நீங்க யாருக்குப் பயப்படறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அதைப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு பிறந்த எங்கள் மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்று நான் ஒன்றைச் சொல்லும்போதெல்லாம், "இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா, இல்ல ஆபீஸ்ல சொன்னாங்களா?" என்று கேட்பாள். எரிச்சலாக இருக்கும். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வேன்.

மைத்துனன் சந்தாபுரா பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தான். எங்கள் மகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தான். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு கோயில் முழுக்கச் சுற்றினான். என்னிடம் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டான். இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. பிறகு பண்டிகைகளுக்கு வரப்போக இருந்தான். கல்யாணமும் ஆயிற்று. வலது கண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பைக் ஓட்டினான். வளைவுகளில் தலையை முழுக்கத் திருப்பிப் பார்ப்பான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சந்தாபுராவில் சின்னதாக ஒரு வீடு கட்டினான். வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்த அன்று நாங்கள் காலையிலேயே போயிருந்தோம். பந்தலுக்கு நாற்காலி இறக்கினேன். தண்ணீர் கேன்களைத் தூக்கி வைத்தேன். அவனோடு வேலை செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"எங்கக்கா வீட்டுக்காரரு" என்றான்.

மாமா என்று சொல்லவில்லை. நான்கு வருடமாக அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் பேச வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்று பேசுவான், கூப்பிட மாட்டான். அவனிடம் அதைக் கேட்கவோ, மாற்றிக்கொள்ளச் சொல்லவோ எனக்கு வாயில்லை.

முதல் பந்தி உட்கார்ந்தது. பரிமாற ஆள் போதவில்லை. அவன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றான். "அந்த வரிசைய நீங்க பாத்துக்குறீங்களா?" என்றான். வாளியை வாங்கிக்கொண்டேன். கனமாக, சூடாக இருந்தது. கரண்டியை உள்ளே விட்டுக் கலக்கி, முதல் இலையிலிருந்து ஆரம்பித்தேன்.